தோள் வலிக்கு ஓடினேன், சீனியில் போய் நின்றேன்

நாற்பதைத் தாண்டிய ஒருவர் "கையை மேலே தூக்க முடியவில்லை" என்று சொன்னால், முதலில் கேட்க வேண்டியது "கடைசியாக எப்போது சீனி பார்த்தீர்கள்?" என்பதுதான். இரத்தத்துச் சீனியை, நீரிழிவைத்தான் சொல்கிறேன். என்னிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு வருடத்துக்குக் கிட்டிய காலமும், கூட்டிப் பார்த்தால் ஒன்றரை இலட்சம் ரூபாவை எட்டும் பணமும் மிஞ்சியிருக்கும். கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். பிள்ளைகள் இருவருக்கும் படிக்கிற வயது. வலி தாங்காமல் நடுச்சாமத்தில் எழுந்து உட்கார்ந்திருந்த இரவுகளில் இதைப் பற்றி விசாரிக்க எனக்கு ஆளில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ காலை முதல் மாலை வரை ஒரே கதிரையில் இருந்து உழைக்கும் யாருக்காவது இது நேரத்தோடு கிடைக்கட்டும்.

வீடு கல்லடியில். நகரில் ஒரு மொத்த விற்பனை நிலையத்தில் கணக்குப் பார்க்கிறேன். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, பஸ் பிடித்து எட்டரைக்குக் கதிரையில் அமர்ந்தால் மாலை ஆறு மணி வரை அதே கதிரைதான். மாத முடிவில் எட்டு மணியும் ஆகும். பத்து மணிக்கு ஒரு தேநீர், பதினொன்றரைக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, ஐந்துக்கு இன்னொன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி. மதியம் சோற்றுப் பார்சல். அதில் சோறு ஒரு மலை, கறிகள் ஓரத்தில் ஒரு பிடி. வேலை குவிந்திருந்தால் அதையும் கணினிக்கு முன்னால் வைத்தே சாப்பிடுவேன். இரவு ஒன்பதரைக்குப் பிட்டோ இடியப்பமோ, கூடவே வாழைப்பழம். உட்கார்ந்த இடத்தில் பாரம் ஏறிக்கொண்டே போனது. ஆனால் காலையிலிருந்து இரவு வரை ஓய்வில்லாமல் உழைக்கிற உடம்புக்குத் தனியாக உடற்பயிற்சி வேண்டும் என்று நானும் நினைக்கவில்லை, என்னைச் சுற்றியிருந்தவர்களும் நினைக்கவில்லை. களைப்பு வேறு, உடல் அசைவு வேறு என்பது பிறகுதான் விளங்கியது. கணக்கு எழுதி எழுதிக் களைத்துப்போகிற உடம்பில் தசைகள் நாள் முழுக்கச் சும்மாதான் இருக்கின்றன.

வலி வலது தோளில் மெதுவாகத் தொடங்கியது. கொடியில் உடுப்புக் காயப்போடும்போது ஒரு வெட்டு. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்தால் கண்ணில் நீர் வரும். சில வாரங்களில் மகளுக்குப் பின்னல் போட முடியவில்லை, சட்டையின் பின் கொளுக்கியை மாட்ட முடியவில்லை. எல்லாவற்றிலும் கொடியது இரவு. அந்தப் பக்கம் சரிந்து படுத்தால் விழிப்பு வந்துவிடும். பிறகு தூக்கம் வராது. தூக்கமில்லாத மறுநாள் இன்னும் இரண்டு தேநீரும் ஒரு மாலு பணிஸும் கூடுதலாக உள்ளே போகும். வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, தூக்கமின்மை பசியைக் கூட்டுகிறது, பசி சீனியை ஏற்றுகிறது. இந்தச் சங்கிலி அப்போது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

மாமி சொன்னபடி எண்ணெய் போட்டுக் கட்டும் ஒரு வைத்தியரிடம் முதலில் போனேன். அவர் கையைப் பிடித்து முறுக்கி இழுத்தார். அன்றிரவு பட்ட வேதனையைச் சொல்லி முடியாது. பிறகு தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றில் முற்பதிவு செய்து ஒரு நிபுணரைப் பார்த்தேன். எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். எலும்பில் ஒன்றுமில்லை என்றார், வலி மாத்திரை தந்தார். மாத்திரை தீரும் வரை சுகம், தீர்ந்ததும் பழையபடி. வெறும் வயிற்றில் போட்டு வயிறும் புண்ணாகிவிட்டது. இன்னொரு நிபுணர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். செலவில் பாதிக்குமேல் அந்த ஒன்றுக்கே போனது. அதன் பிறகு தோள்மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார். சீனி இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவுக்கு வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். என் முறை ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

ஊசி போட்ட இரண்டாம் நாள் தொடக்கம் நாக்கு வறண்டது. தண்ணீர் குடிக்கக் குடிக்கத் தாகம். இரவில் மலசலகூடத்துக்கும் படுக்கைக்கும் நடந்தபடியே இருந்தேன். கண்ணில் மங்கல். அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருப்பவர் காத்தான்குடித் தங்கச்சி ஒருவர். அவருடைய தாயாருக்குப் பல வருடமாகச் சீனி. என்னையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், "அக்கா, நாளைக்குச் சாப்பிடாமல் வாருங்கள், இரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்கு வரலாம்" என்றார். அத்தனை நிபுணர்களும் கேட்காததைக் கேட்டவர் அவர்தான். மறுநாள் ஆய்வுகூடத்தில் கிடைத்த தாளில் வெறும் வயிற்றுச் சீனி 212 என்று இருந்தது. 126ஐத் தொட்டாலே நீரிழிவு.

ஊசியால்தான் ஏறியது, இறங்கிவிடும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஸ்டீராய்டு ஊசி நீரிழிவுக்காரருக்குச் சில நாட்களுக்குச் சீனியை ஏற்றிவிடும் என்பது உண்மைதான். ஆனால் கூடவே எடுத்த எச்பிஏ1சி பரிசோதனை 9.1 காட்டியது. அது ஏறக்குறைய கடந்த மூன்று மாதச் சராசரியைச் சொல்வது. 5.7க்குக் கீழ் இருந்தால் வழமை, 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு, 6.5உம் அதற்கு மேலும் நீரிழிவு. ஒரு வாரத்து ஊசி அதை 9.1க்குக் கொண்டுபோக முடியாது. நோய் நெடுநாளாக உள்ளே இருந்திருக்கிறது, வாய் திறக்காமல் இருந்திருக்கிறது. அன்று வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். என் அப்பம்மாவுக்குச் சீனிப் புண்ணால் காலின் கீழ்ப்பகுதியை எடுத்தார்கள். சிறுமியாக நான் அதைப் பார்த்திருக்கிறேன். கணவருக்கு உடனே சொல்லவும் மனம் வரவில்லை. பாலைவன நாட்டில் உழைப்பவரிடம் இதை எப்படிச் சொல்வது?

அரச வைத்தியசாலைக் கிளினிக்கில்தான் தோளும் சீனியும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கப்பட்டன. அங்கே இருந்த இளம் வைத்தியர் என் முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, முன்னங்கையை வெளிப்பக்கம் திருப்பிப் பார்த்தார். அவர் திருப்பியும் அது திரும்பவில்லை. "இது தோள்மூட்டு இறுக்கம், ஃப்ரோசன் ஷோல்டர்" என்றார். மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுகிறதாம். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் எதுவும் தெரியாதாம். தசைநார் பிசகினால் நம்மால் கையைத் தூக்க முடியாவிட்டாலும் பிறர் தூக்கிவிடலாம். இந்த இறுக்கத்தில் யார் தூக்கினாலும் வராது. வீட்டிலேயே சோதித்துப் பார்க்கக்கூடிய வேறுபாடு இது. நீரிழிவுக்காரருக்கு இது மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக வருகிறது, நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில், பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. வலி கூடும் பருவம், வலி குறைந்து இறுகிப்போகும் பருவம், இளகும் பருவம் என்று ஒன்று முதல் மூன்று வருடம் வரை போகலாம். இதை அவர் சொன்னதும் எனக்குக் கோபமும் நிம்மதியும் ஒன்றாக வந்தன. முறுக்கி இழுப்பது வலிப் பருவத்தில் செய்யவே கூடாத காரியமாம்.

ஆகவே என்னைப் போல் அலைய வேண்டாம். எங்கள் நாட்டில் அரச வைத்தியசாலைகளிலும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளிலும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்கள் இயங்குகின்றன. 35 வயதைக் கடந்த எவரும் போகலாம். சீனி, பிரஷர், நிறை, இடுப்புச் சுற்றளவு எல்லாம் இலவசமாகப் பார்ப்பார்கள். எந்த நாளில் நடக்கிறது என்று பக்கத்து வைத்தியசாலையில் கேட்டுக்கொண்டு, முதல்நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றும் உண்ணாமல் போனால் சரி. தனியார் ஆய்வுகூடத்தில் பார்த்தாலும் வெறும் வயிற்றுச் சீனிக்குச் சில நூறு ரூபாதான். தோளிலோ முழங்காலிலோ ஸ்டீராய்டு ஊசி என்று யார் சொன்னாலும், "எனக்குச் சீனி பார்த்துவிட்டுப் போடுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை, உடம்பு உங்களுடையது.

மெட்ஃபோர்மின் மாத்திரை எழுதித் தந்தார்கள். சாப்பாட்டோடு போட வேண்டும். முதல் சில வாரம் வயிற்றைக் கலக்கியது, பிறகு பழகிவிட்டது. அந்தப் பயத்தின் நாட்களில்தான் இன்னும் பணம் போனது. தெரிந்தவர் ஒருவர் சங்கிலி முறையில் விற்கும் பானத் தூளைக் கொண்டுவந்தார். இரண்டு வேளை சாப்பாட்டுக்குப் பதிலாக இதைக் குடித்தால் மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்தலாம் என்றார். விலை 24,000 ரூபா. அதைக் குடித்துக்கொண்டு வேலைக்குப் போன நாட்களில் பதினொரு மணிக்கே கை நடுங்கியது, எழுத்து ஆடியது, மாலையில் அகப்பட்டதையெல்லாம் தின்னும் வெறி வந்தது. நகரில் ஒரு உடற்பயிற்சி நிலையத்திலும் சேர்ந்தேன். அங்கிருந்த தம்பி நல்லவர்தான். ஆனால் எல்லோருக்கும் கொடுக்கும் பயிற்சியையே எனக்கும் கொடுத்தார். தலைக்கு மேல் பாரம் தூக்கியதும் தோள் மறுபடி நெருப்பாய் எரிந்தது. கட்டிய பணம் திரும்பவில்லை. நோய் தெரிந்த முதல் மாதம் மனிதர் மிகவும் பயந்திருக்கிற மாதம். விற்பவர்கள் சரியாக அப்போதுதான் வருவார்கள். அந்த மாதத்தில் கிளினிக்கில் சொன்னதைத் தவிர எதற்கும் காசு கொடுக்காதீர்கள்.

சாப்பாட்டில் உண்மையில் உதவியது எளிமையானது, ஆனால் பழகக் கடினமானது. தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறு, கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ. நம்முடைய சோறு, கறியில் உருளைக்கிழங்கு, பக்கத்தில் அப்பளம், கடைசியில் வாழைப்பழம் என்ற தட்டில் மாப்பொருளைத் தவிர வேறென்ன இருக்கிறது? மீனுக்கு நமக்குப் பஞ்சமில்லை. கீரி, சூடை போன்ற சின்ன மீன் விலையும் குறைவு, சத்தும் நிறைவு. முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், பொன்னாங்காணி என்று வேலியோரத்தில் கிடைப்பதே போதும். முதலில் கீரையும் மீனும், கடைசியில் சோறு என்று வரிசையை மாற்றியதும் எனக்குப் பிடித்தது. சாப்பிட்டதும் சீனி ஏறும் வேகம் குறைகிறது.

இரண்டு நம்பிக்கைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். "குரக்கன் பிட்டு எவ்வளவும் சாப்பிடலாம், சீனிக்கு மருந்து" என்று வீட்டுக்கு வீடு சொல்கிறார்கள். குரக்கனில் நார்ச்சத்தும் கல்சியமும் உண்டு, நல்லதுதான். ஆனால் அதுவும் மாப்பொருளே. மாவாக அரைத்து அவித்து இரண்டு குழல் பிட்டாகச் சாப்பிட்டால் சீனி ஏறத்தான் செய்யும். நான் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் கருவியில் பார்த்திருக்கிறேன். சிவப்பரிசியும் அப்படியே. நல்ல அரிசி என்பதற்காக அளவு கூடக்கூடாது. அடுத்தது, சீனிக்குப் பதில் பனங்கட்டியோ தேனோ குற்றமில்லை என்பது. இரத்தத்துக்கு அந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. சேர்க்கும் சீனி ஒரு நாளைக்கு 25 கிராமுக்குக் கீழ், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள், இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் நான்கு தேநீரிலேயே எட்டுக் கரண்டி இருந்தது. ஒரேயடியாக நிறுத்தாமல், வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்துக்கொண்டு வந்தேன். இப்போது வெறும் தேயிலையின் சுவையே பிடித்துவிட்டது. நம் ஊர் எருமைத் தயிரை நான் விடவில்லை, மேலே ஊற்றும் கித்துள் பாணியைத்தான் விட்டேன். விரதம் பிடிப்பவர்கள் மாத்திரை நேரத்தை வைத்தியரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். காத்தான்குடித் தங்கச்சியின் தாயார் நோன்பு மாதத்துக்கு முன்பே கிளினிக்கில் போய்க் கேட்டுவிடுவாராம். நாம் கந்தசஷ்டிக்கு அப்படிக் கேட்பதில்லை.

தோளுக்கு வைத்தியசாலையின் இயன்மருத்துவப் பிரிவில் இலவசமாகவே சிகிச்சை கிடைத்தது. அங்கிருந்தவர் என்னைவிட இளையவர். "அக்கா, வலி வந்த இடத்தில் நிற்க வேண்டும், வலியைத் தாண்டிப் போகக்கூடாது. ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது" என்றார். சுடுதண்ணீர்ப் பையைத் தோளில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டு, மேசையில் இடக்கையை ஊன்றிக் குனிந்து வலக்கையைத் தொங்கவிட்டு மெல்லச் சுழற்றுவது முதல் பயிற்சி. இரண்டாவது, தும்புத்தடியை இரு கையாலும் பிடித்து, முழங்கை விலாவில் ஒட்டியிருக்க, நல்ல கையால் தடியைத் தள்ளி மற்றக் கையை வெளிப்பக்கம் திருப்புவது. மூன்றாவது, சுவரில் விரல்களை வைத்து ஒவ்வொரு விரலாக மேலே ஏறுவது. சமையலறைக் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் விரல் எட்டிய இடத்தில் மகன் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதினான். முதல் கோடு என் நாடிக்கு நேரே இருந்தது. சில வாரங்களில் நான்கு கோடு ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, முன்னேற்றமே இல்லாதது போலத் தெரிந்தது. வெறுப்பில் தும்புத்தடியை எறிந்திருக்கிறேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் கோடு நெற்றியைத் தாண்டி நின்றது. நாள் பார்த்தால் தெரியாது, மாதம் பார்த்தால் தெரியும்.

நடைக்கு வருகிறேன். வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான அசைவும், இரண்டு நாளாவது தசைக்குப் பலம் தரும் பயிற்சியும் வேண்டும் என்பது பொதுவான அளவு. காலையில் 1924 ஆம் ஆண்டுப் பழைய கல்லடிப் பாலத்தில் நடப்பவர்களைப் பார்த்து நானும் தொடங்கினேன். ஆனால் ஆடியில் கச்சான் காற்று வீசும்போது எட்டு மணிக்கே உடல் காய்கிறது. கார்த்திகையில் மாரி தொடங்கினால் ஒழுங்கை முழங்கால் தண்ணீர். தனியாக நடக்கும் பெண்ணை நின்று பார்க்கும் கண்களும் இருக்கின்றன. அதை மறைக்க நான் விரும்பவில்லை. அதனால் பாலத்தை மட்டும் நம்பியிருந்த நடை அடிக்கடி அறுந்தது. அறாமல் நின்றது சாப்பாட்டுக்குப் பின் பத்து, பதினைந்து நிமிடம் நடப்பதுதான். மழையென்றால் விறாந்தையிலேயே நடப்பேன். தசை அசையும்போது இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே இரத்தத்துச் சீனியை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரவுச் சாப்பாட்டை ஏழரைக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு நடந்த நாட்களில் காலைச் சீனி குறைந்திருப்பதைக் கருவியே காட்டியது. கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதைப் பத்துத் தடவை செய்வது கால் தசைக்கு. அதற்கு ஒரு சதமும் செலவில்லை.

இவ்வளவும் வீட்டில் செய்தாலும் வேலை மாறாவிட்டால் பலன் பாதிதான். வலி உச்சத்தில் இருந்தபோது எடுத்த விடுமுறைகளுக்குச் சம்பளம் வெட்டினார்கள். அப்போதுதான் சட்டத்தைத் தேடி வாசித்தேன். 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி சாப்பாட்டு நேரம் தவிர்த்து நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம்தான் வழமையான வேலை. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு. முதல் வருடம் கடந்தவருக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமைய விடுமுறையும் உண்டு. அமைய விடுமுறையைச் சுகவீனத்துக்கும் எடுக்கலாம். முதலாளியோடு சண்டைக்குப் போகவில்லை. வைத்தியரின் கடிதத்தோடு போய் மூன்றே மூன்று கேட்டேன்: மாத முடிவு தவிர ஆறு மணிக்கு மேல் நிற்பதில்லை, கிளினிக் நாளில் அரைநாள் விடுமுறை, அச்சு இயந்திரத்தை என் மேசையிலிருந்து எடுத்து அறையின் மறுகோடியில் வைப்பது. மூன்றாவதைக் கேட்டு அவர் வியந்தார். அரை மணிக்கு ஒருமுறை நான் எழுந்தாக வேண்டும் என்று விளக்கினேன். முதலிரண்டுக்கு இழுபறிப்பட்டார், பிறகு ஒப்புக்கொண்டார். களஞ்சியத்துக்குத் தொலைபேசியில் கேட்டதையெல்லாம் இப்போது நடந்துபோய்க் கேட்கிறேன். கணினியின் சுட்டியை உடலுக்குக் கிட்ட, முழங்கை தாங்கும் உயரத்தில் வைத்த பிறகு கழுத்து வலியும் விட்டது. பலருக்கு இப்படிக் கேட்க முடியாத முதலாளிகள் இருப்பார்கள் என்பது தெரியும். தையல் ஆலைகளில் நிமிடக் கணக்கில் உழைக்கும் பெண்களை நினைக்கும்போது மனம் கனக்கிறது. அவர்களுக்கு மேற்பார்வையாளரிடம் தனியாகக் கேட்பதைவிட நாலைந்து பேர் சேர்ந்து கேட்பது எளிது.

அரை வருடத்தில் எச்பிஏ1சி 7.2க்கு வந்தது, கடைசியாகப் பார்த்ததில் 6.7. மாத்திரை தொடர்கிறது. கண்ணையும் பாதத்தையும் சிறுநீரகத்தையும் வருடத்துக்கு ஒருமுறை பார்க்கக் கிளினிக் கொப்பியில் திகதி போட்டிருக்கிறார்கள். வலக்கை தலைக்கு மேலே போகிறது, முதுகுப்பக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. இது மற்றத் தோளுக்கும் வரலாம் என்பதால் பயிற்சியை இரண்டு கைக்கும் செய்கிறேன்.

கணவருக்குக் கடைசியில் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் வைத்திருந்ததற்குத்தான் வருத்தப்பட்டார். அவரும் பகல் முழுக்க வாகனத்தில் உட்கார்ந்து ஓட்டுபவர், இரவில் முகாம் சாப்பாடு, தாகத்துக்குக் குளிர்பானம். "விடுமுறையில் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அங்கேயே பாருங்கள்" என்று நச்சரித்து அனுப்பினேன். வெறும் வயிற்றில் 114. நீரிழிவு இல்லை, ஆனால் எல்லைக்கோட்டில் நிற்கிறார். குளிர்பானத்தை விட்டுவிட்டார், இரவில் முகாமைச் சுற்றி நடக்கிறார். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், திகதியை இருவருடைய தொலைபேசியிலும் போட்டு வைத்திருக்கிறோம்.